காட்டு பிளாக்பெர்ரி பறிப்பது எப்படி: புதர் தேடுவது முதல் ஜாம் காய்ச்சுவது வரை

காட்டு பிளாக்பெர்ரியை ஒரே ஒரு முறை வாயில் போட்டுவிட்டு "ஐயோ, புளிப்பு" என்று ஒதுங்கியவர்கள் நிறையப் பேர். பழத்தின் மேல் குற்றமில்லை. கறுத்துவிட்டது என்று பார்த்ததும் பறித்திருப்பார்கள். பிளாக்பெர்ரி கறுப்பது ஒன்று, பழுப்பது வேறொன்று. கறுத்த பின்னும் அது இரண்டு மூன்று நாள் கொடியிலேயே இருக்க வேண்டும். பறித்துவிட்டால் அதற்கு மேல் இனிக்காது. மாங்காயைப் போல வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்கும் வழி இதற்குக் கிடையாது. இந்த வழிகாட்டியில் புதர், இடம், உடை, பாத்திரம் எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டியது பழத்தைத் தொட்டுப் பார்த்துப் பறிக்கும் பகுதியைத்தான்.

முதலில் செடியை அடையாளம் காணுங்கள்

பிளாக்பெர்ரி ரோஜாவின் குடும்பம். ரூபஸ் ஃப்ரூட்டிகோசஸ் என்ற பெயரில் அழைக்கப்பட்டாலும் அது ஒரே இனம் அல்ல. ஒன்றையொன்று ஒத்த நூற்றுக்கணக்கான நுண்ணினங்களின் கூட்டம். அதனால்தான் ஒரு புதரில் பழம் தடித்து உருண்டு இருக்கும், நாலடி தள்ளி இன்னொரு புதரில் நீண்டு ஒல்லியாக இருக்கும், ருசியும் மாறும். வேலியோரமாக நடந்துகொண்டே ஒவ்வொரு புதரிலும் ஒரு பழம் தின்று பார்த்துவிட்டு, பிடித்த புதரில் நின்று பறிப்பதுதான் சரி.

வளைந்து வில்லாகத் தரையைத் தொடும் நீண்ட தண்டுகள், தண்டு முழுக்க முள், ஓரம் ரம்பம் போல வெட்டுப்பட்ட மூன்று அல்லது ஐந்து இலைகள் கொண்ட கொத்து, வெள்ளை அல்லது இளஞ்சிவப்பில் ஐந்திதழ்ப் பூ: இவைதான் அடையாளம். தண்டின் நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு அடுத்த புதர் கிளம்பும். ஒரு புதர் இருந்தால் பக்கத்தில் பத்து இருப்பது இதனால்தான்.

ஒரே புதரில் இரண்டு வகைத் தண்டு இருப்பதைக் கவனியுங்கள். இந்த வருடம் முளைத்த தண்டு பச்சையாக, தடியாக, பூவோ காயோ இல்லாமல் நிற்கும். போன வருடம் முளைத்ததுதான் இந்த வருடம் பூத்துக் காய்க்கும்; காய்த்து முடித்ததும் காய்ந்துவிடும். பச்சைத் தண்டுகளை ஒடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் அடுத்த வருடப் பழத்தை நீங்களே ஒடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய பழங்கள் சில உண்டு. கறுப்பு ராஸ்பெர்ரியைப் பறித்தால் நடுவே உள்ள வெள்ளைத் தண்டு செடியிலேயே தங்கிவிடும், பழம் குல்லா மாதிரி உள்ளே வெற்றாக வரும். பிளாக்பெர்ரியில் அந்த வெள்ளைத் தண்டு பழத்துக்குள்ளேயே வந்துவிடும். முசுக்கொட்டைப் பழமும் பார்வைக்கு இதே போல இருக்கும்; ஆனால் அது மரத்தில் காய்ப்பது, முள் கிடையாது, பறித்தால் பச்சைக் காம்போடு வரும். இந்த இரண்டையும் தின்னலாம், பயமில்லை. பயப்பட வேண்டியது வேலியோரத்தில் பிளாக்பெர்ரியோடு பின்னிக்கிடக்கும் மற்ற செடிகொடிகளின் கனிகளுக்கு. பெல்லடோனா எனப்படும் நச்சுச் செடியின் கனி வழவழவென்று ஒரே உருண்டையாக, பளபளக்கும் கறுப்பில் இருக்கும். பிளாக்பெர்ரியோ சின்னச் சின்ன மணிகள் சேர்ந்த கொத்து. மணிமணியாக இல்லாத எந்தக் கறுப்புக் கனியையும் தொடாதீர்கள். குழந்தைகளைக் கூட்டிப் போனால் இந்த ஒரு விதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வட அமெரிக்காவில் பறிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அங்கே பாய்சன் ஐவி என்ற கொடி இதே புதர்களுக்குள் வளரும், அதற்கும் மூன்று இலைதான். பட்டாலே தோல் தடித்து அரிக்கும். தண்டைப் பாருங்கள்: முள் இருந்தால் பிளாக்பெர்ரி, முள் இல்லையென்றால் விலகிப் போங்கள்.

எப்போது போவது

பூமியின் வட பாதியில் ஜூலை கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை, சில இடங்களில் அக்டோபர் தொடக்கம் வரை பருவம். தென் பாதியில் டிசம்பர் முதல் மார்ச் வரை. வெயில் படும் தெற்குச் சரிவு முன்னால் பழுக்கும் (தென் பாதியில் வடக்குச் சரிவு), நிழலான காட்டோரம் பின்னால்.

ஒரு கொத்தில் எல்லாப் பழமும் சேர்ந்து பழுப்பதில்லை. நுனியில் இருக்கும் ஒற்றைப் பழம் முதலில் பழுக்கும்; அந்தக் கொத்திலேயே பெரியதும் இனிப்பானதும் அதுதான். அதை அப்படியே ஆற அமர ருசித்துத் தின்ன வேண்டும். அடுத்தடுத்து வருபவை ஜாமுக்கும் பண்டங்களுக்கும் நன்றாக இருக்கும். கடைசியில், கொத்தின் அடியில் பழுப்பவை சிறுத்து, சதை குறைந்து, விதை மிகுந்து இருக்கும். ஆகவே ஒரே நாளில் புதரைக் காலி செய்ய நினைக்காமல், வாரத்துக்கு ஒரு தடவை அதே இடத்துக்குப் போய் வருவது நல்லது.

நேரம் என்றால், பனி காய்ந்த பின், வெயில் ஏறும் முன். ஈரத்தோடு பறித்த பழம் ஒரே நாளில் பூசணம் பிடிக்கும். உச்சி வெயிலில் சூடேறிய பழமோ கையிலேயே குழையும். மழை பெய்தால் ஒரு நாளாவது காயவிட்டுப் போங்கள். மழை குடித்த பழத்தில் ருசி நீர்த்திருக்கும்.

எங்கே பறிக்கலாம், எங்கே கூடாது

வயல் வேலிகள், காட்டின் ஓரம், ஆற்றங்கரை, பழைய ரயில் பாதைகள், பராமரிப்பில்லாத மேய்ச்சல் நிலம் என்று வெளிச்சம் விழும் எல்லா ஓரத்திலும் பிளாக்பெர்ரி கிடைக்கும். அடர்காட்டுக்குள் புதர் இருந்தாலும் பழம் குறைவு.

வண்டிகள் ஓயாமல் போகும் சாலையின் ஓரத்தை விட்டுவிடுங்கள். புகையும் தூசியும் பழத்தில் படிந்திருக்கும், கழுவினாலும் முழுக்கப் போகாது. ஓடுகிற ரயில் பாதை, பழைய தொழிற்சாலை மனை, குப்பை கொட்டிய இடம், பூச்சிமருந்து அடிக்கும் வயலை ஒட்டிய வேலி ஆகியவையும் வேண்டாம்.

களைக்கொல்லிதான் பலரும் யோசிக்காத ஆபத்து. பிளாக்பெர்ரி எல்லா நாட்டிலும் விருந்தாளி அல்ல. ஆஸ்திரேலியாவில் அது தேசிய அளவில் முக்கியமான களைகளில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டது. அமெரிக்காவில் 1885இல் தாவர வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க் அறிமுகப்படுத்திய "ஹிமாலயா" வகை மேற்குக் கடற்கரை முழுக்கப் பரவி, இன்று அங்கே வெட்டி மாளாத களை. பெயர்தான் ஹிமாலயா, பூர்வீகம் ஆர்மீனியாவும் வட ஈரானும். இப்படிப்பட்ட இடங்களில் நிலத்தின் பொறுப்பாளர்கள் புதர்களுக்கு மருந்து அடிப்பது சாதாரணம். இலைகள் பருவத்துக்கு ஒவ்வாமல் சுருண்டு பழுத்திருந்தாலும், ஒரு பக்கம் மட்டும் வாடியிருந்தாலும், நீலமோ சிவப்போ சாயம் தெளித்த தடம் தெரிந்தாலும், எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் அங்கே ஒரு பழம்கூடப் பறிக்காதீர்கள். மருந்து அடித்த அன்று புதர் பச்சையாகவே இருக்கும் என்பதால், இத்தகைய ஊர்களில் யாரையாவது கேட்டுவிட்டுப் பறிப்பதே பாதுகாப்பு.

சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டப்படி, காட்டில் தானாக விளைந்த பழத்தைச் சொந்தத் தேவைக்குப் பறிப்பது திருட்டாகாது. விற்கப் பறித்தால் ஆகும். ஆனால் அடுத்தவர் நிலத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையும் உரிமையை அது தரவில்லை. ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் தனியார் காட்டில்கூடக் காட்டுப் பழம் பறிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு, வீட்டு முற்றத்தைத் தவிர. பல நாடுகளில் தேசியப் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் தனி விதி, அளவுக் கட்டுப்பாடு இருக்கும். தெரியாத இடம் என்றால் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள்.

உடுத்துவதும் எடுத்துப் போவதும்

கனமான ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை, மூடிய பூட்ஸ். பின்னல் ஸ்வெட்டரைப் போட்டால் ஒவ்வொரு முள்ளும் நூலைப் பிடித்து இழுக்கும். நெருக்கமாக நெய்த வழவழப்பான துணிதான் தோது. கறை பட்டாலும் பரவாயில்லை என்கிற பழைய துணியாக இருக்கட்டும். கால்சட்டை நுனியை காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். உண்ணி ஏறாமல் இருக்க இது முக்கியம்; வீடு திரும்பியதும் முழங்காலின் பின்பக்கம், அக்குள், இடுப்பு, தலைமுடியோரம் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

கையுறையை இடது கைக்கு மட்டும் போடுங்கள் (இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் வலது கைக்கு). அந்தக் கை தண்டைப் பிடித்து விலக்கும். பறிக்கும் கை வெறும் கையாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் பழுத்ததா இல்லையா என்று சொல்வது விரல் நுனிதான்.

ஒரு தொரட்டியோ வளைந்த பிடியுள்ள கைத்தடியோ இருந்தால் உயரத்தில் இருப்பதை வளைத்து இழுக்கலாம். நுழையும் முன் அதே தடியால் புதரடியைத் தட்டிச் சத்தம் எழுப்புங்கள், பாம்பு இருந்தால் விலகிப் போகும். பருவத்தின் பின்பாதியில் கனிந்த பழத்தில் குளவிகள் மொய்க்கும். கையை வைக்கும் முன் ஒரு பார்வை.

பாத்திரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆழமான வாளியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினால், அடியில் இருப்பது மேலே உள்ள பாரத்தில் நசுங்கிச் சாறாகிவிடும். இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொள்ள ஒரு சின்ன டப்பா, அது நிறைந்ததும் மாற்றிவைக்க அகலமான தட்டை டப்பாக்கள், பழம் ஐந்தாறு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் சேராமல். இடுப்பில் கட்டுவதால் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். ஒரு லிட்டர் டப்பாவில் ஏறக்குறைய 600 கிராம் பழம் பிடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் எவ்வளவு பறிக்கிறோம் என்று தெரியும். தண்ணீர், முள் எடுக்க ஒரு இடுக்கி, வண்டியில் ஐஸ் வைத்த பெட்டி: இவ்வளவு போதும்.

பறிப்பது

புதர் முன் நின்றதும் முதலில் நிறத்தைப் பாருங்கள். பச்சை, சிவப்பு, செங்கறுப்பு, கறுப்பு என்று ஒரே கொத்தில் எல்லாம் இருக்கும். கறுப்பிலேயே இரண்டு கறுப்பு உண்டு. ஒன்று, வெளிச்சம் பட்டால் கண்ணாடி போல மின்னும் கறுப்பு. மணிகள் விறைத்து நிற்கும். இன்னொன்று மினுமினுப்பு அடங்கி மங்கிய கறுப்பு. மணிகள் சற்றே உப்பி, ஒன்றோடொன்று நெருக்கி நிற்கும். மின்னுவது புளிக்கும், மங்கியது இனிக்கும். மேலே சொன்ன அந்த இரண்டு மூன்று நாள் வித்தியாசம் இதுதான்.

அடுத்தது விரல். கட்டைவிரலுக்கும் முதல் இரண்டு விரலுக்கும் நடுவே பழத்தை மெல்லப் பிடித்து, இழுக்காமல், பக்கவாட்டில் லேசாகச் சாயுங்கள். உள்ளங்கை கீழே ஏந்தியபடி இருக்கட்டும். பழுத்திருந்தால் காம்பு "விட்டேன்" என்று கழன்று பழம் உள்ளங்கையில் விழும். ஏதோ பிடித்து நிற்பது தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். இழுத்துப் பிய்த்தால் பழம் வரும், ஆனால் இனிப்பு வராது. இதைக் கொஞ்ச நேரம் செய்ததும் கண்ணைவிடக் கை வேகமாகத் தீர்மானிக்கத் தொடங்கிவிடும். தொட்ட உடனே நசுங்கினால் காலம் கடந்தது, அது பறவைக்கு.

பறித்த பழத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். நடுத்தண்டு வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ ஈரமில்லாமல் இருந்தால் நல்ல பழம். பழுப்பேறி, சாறு கசிந்திருந்தால் உள்ளே புழு இருக்க வாய்ப்பு அதிகம். சாம்பல் நிறப் பூசணம் பூத்ததை டப்பாவில் போடவே கூடாது, கூட இருப்பதையும் கெடுத்துவிடும். சில பழத்தில் அங்கங்கே வெளிறிய மணிகள் இருக்கும். கடும் வெயில் பட்டு ஆனது, தாராளமாகத் தின்னலாம்.

முள்ளைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் பாதி கீறல் மிச்சம். பிளாக்பெர்ரி முள் தண்டின் அடிப்பக்கம் நோக்கி வளைந்திருக்கும். கை உள்ளே போகும்போது எதுவும் செய்யாது, வெளியே இழுக்கும்போதுதான் கொக்கி போல மாட்டும். மாட்டியதும் வெடுக்கென்று இழுத்தால் தோலும் சட்டையும் கிழியும். அசையாமல் நின்று, கையை வந்த வழியே கொஞ்சம் உள்ளே தள்ளினால் முள் தானாகக் கழலும்; அப்புறம் கையுறை போட்ட கையால் தண்டை விலக்கிவிட்டு மெதுவாக வெளியே எடுங்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை முழங்காலுக்குக் கீழே உள்ளதை விட்டுவிடலாம். நாயும் நரியும் நடமாடும் உயரம் அது. மத்திய ஐரோப்பா போன்ற பகுதிகளில் நரியின் கழிவு மூலம் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் முட்டை தரையோரச் செடிகளில் படக்கூடும். வீட்டு ப்ரீசரின் குளிர் அந்த முட்டையைக் கொல்லாது. நன்றாக வேகவைத்தால் அழிந்துவிடும். தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருப்பதையும் விட்டுவிடுங்கள். இப்படி விடுவதிலேயே பறவைகளுக்கும் அணில்களுக்கும் போதுமான பங்கு கிடைத்துவிடும். பழத்தில் கணிசமான பகுதியை அவற்றுக்கென்று விட்டுவர வேண்டும் என்பது என் திடமான கருத்து. பருவக் கடைசியில் அவற்றுக்குக் கிடைக்கும் கொழுத்த தீனி இது.

வீட்டுக்கு வந்த பிறகு

பறித்த பிறகு முதல் சில மணி நேரம் மிக முக்கியம். நிழலில் வையுங்கள், வெயில் அடிக்கும் வண்டிக்குள் விடாதீர்கள், கூடிய சீக்கிரம் குளிர்ச்சிக்குக் கொண்டுபோங்கள். சூடான பழத்தைத் திடீரென்று குளிரில் வைத்தால், அதிலும் வழியில் அடிபட்டிருந்தால், கறுத்த மணிகளில் சில மறுபடி சிவப்பாகும். கெட்டுப்போனதல்ல, நிறம் மட்டும்தான் மாறுகிறது. காலைக் குளிர்ச்சியிலேயே பறித்தால் இது வெகுவாகக் குறையும்.

கழுவாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அகலமான தட்டில் துணியோ காகிதமோ விரித்து ஒரே அடுக்காகப் பரப்பினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். தின்னப் போகும்போது மட்டும் கழுவுங்கள்: பீய்ச்சும் குழாயடியில் அல்ல, ஒரு பாத்திரத் தண்ணீரில் முக்கி, மெல்ல அலசி, வடிதட்டில் அள்ளி எடுத்து.

புழு என்றால் அருவருப்பு உள்ளவர்களுக்கு: கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு வகைப் பழ ஈ, ட்ரோசோஃபிலா சுசுகி, 2008 வாக்கில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கால் வைத்தது. மற்ற ட்ரோசோஃபிலா ஈக்கள் பெரும்பாலும் அழுகிய பழத்தில் முட்டையிடும். இது ரம்பம் போன்ற உறுப்பால் பழுக்கும் பழத்தைக் கீறி உள்ளே இடும். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் பழத்தை அரை மணி நேரம் ஊறவைத்தால் புழுக்கள் வெளியேறி மிதக்கும், பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிடலாம். தெரியாமல் தின்றாலும் கெடுதல் இல்லை.

சேமிக்க வேண்டுமா? கழுவிய பழத்தை ஈரம் போக உலர்த்தி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். கல்லாக இறுகியதும் பையில் கொட்டி, காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். மைனஸ் 18 டிகிரியில் ஒரு வருடம் வரை தாங்கும், வேண்டும்போது கைப்பிடி அளவு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நேராகப் பையில் போட்டால் ஒரே பாறையாகிவிடும்.

ஜாமுக்கு ஒரு கிலோ பழத்துக்கு 750 கிராம் முதல் ஒரு கிலோ வரை சர்க்கரை, ஓர் எலுமிச்சையின் சாறு. நன்றாகப் பழுத்த பிளாக்பெர்ரியில் ஜாமை இறுகச் செய்யும் பெக்டின் என்ற பொருள் குறைவு, ஜாம் எளிதில் இறுகாது. ஆகவே இதற்கென்று மட்டும் ஒரு கைப்பிடி சிவப்புக் காயைச் சேர்த்துப் பறியுங்கள், பெக்டின் அதில் அதிகம். பழத்தைக் கொஞ்சம் தண்ணீரில் மெல்லக் குழைய வேகவிட்டு, சர்க்கரை சேர்த்து, அது முழுக்கக் கரைந்த பிறகே தீயைக் கூட்டுங்கள். 105 டிகிரி செல்சியஸ் வந்தால் பதம். மலைப்பகுதியில் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஒரு டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். வெப்பமானி இல்லையென்றால் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கிவிடலாம்.

விதை பல்லில் மாட்டுவது பிடிக்காதவர்கள், சர்க்கரை சேர்க்கும் முன்பே வெந்த கூழை வலைச் சல்லடையில் மசித்து வடித்துவிடுங்கள். ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு விதை, அதுவும் லேசில் அழியாத விதை. டென்மார்க்கின் சதுப்பு நிலம் ஒன்றில் 1835இல் கிடைத்த, கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 500 ஆண்டுகள் முந்திய ஒரு பெண்ணின் உடலைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, வயிற்றில் சிறுதானியத்தோடு பிளாக்பெர்ரியும் இருந்தது தெரிந்தது.

துணியில் கறை பட்டிருந்தால் உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசி, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவி ஊறவிட்டு, அதன் பிறகே துவையுங்கள். எடுத்ததும் சோப்பைப் போட்டுத் தேய்த்தால் காரத்தில் கறை நீலமாக மாறி அப்பிக்கொள்ளும். கையில் ஏறிய முள்ளை வெந்நீரில் ஊறவைத்து இடுக்கியால் ஏறிய திசையிலேயே எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூட்டருகே ஆழமாகக் குத்தி வீக்கமோ வலியோ குறையாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.